புட்டிக்கு ஒரு மாத்திரை குறைவு

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச வந்தபோது பதினோரு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். நாற்காலி பன்னிரண்டு போட்டிருந்தார்கள். அந்த ஒன்று ஏன் காலி என்று யாரும் சொல்லாததால் முதல் பத்து நிமிடம் எனக்குப் பேச்சே ஓடவில்லை. கடைசியில் உங்களில் ஒருவர் எழுந்து, "சார், கள வேலைக்கு முக்கியம் எண்ணிக்கைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று முதல் அந்த ஆமாம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அது பாதிதான் சரி. மீதிப் பாதி சுருளிப்பட்டியில் ஒரு தெருவில் எனக்குக் கிடைத்தது. அதை எழுதி அனுப்பாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் மலேரியா ஒழிப்புப் பணியில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கியவன். தொட்டியைத் திறந்து பார்ப்பது, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது, சுவரில் தேதி எழுதுவது, அடுத்த வீடு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபோது அரிசிப் பானையின் அளவைக்கூட எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் மனைவியின் நல்ல காலம், தேனியில் ஓர் ஆராய்ச்சிக் குழு கள மேற்பார்வையாளரைத் தேடிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் எத்தனை வீடு என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். 2007, சித்திரை வெயில்.

ஆராய்ச்சி இதுதான். குடலுக்கு நன்மை செய்யும் ஒரு பாக்டீரியாவை உலர்த்திப் பொடியாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்திருந்தார்கள். புரோபயாடிக் என்று இப்போது கடைக்குக் கடை விற்கிறதே, அந்த வகை. நோயாளிகளுக்கு அல்ல, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு அதைக் கொடுத்து, ஏதாவது தீங்கு வருகிறதா, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு அணுக்களில் மாற்றம் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பது திட்டம். அறுபத்து நான்கு பேர். பாதிப் பேருக்கு உயிருள்ள மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே எடையில் வெறும் மாவு. யாருக்கு எது என்ற விவரம் முத்திரை வைத்த அறுபத்து நான்கு கவர்களில், தேனி அலுவலகத்தில் இரண்டு சாவி போட்டுப் பூட்டிய இரும்பு அலமாரியில் இருந்தது. கொடுக்கிற எனக்கும் தெரியாது, சாப்பிடுகிற அவர்களுக்கும் தெரியாது, எங்கள் டாக்டருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த ஆளின் கவரைத் திறக்கலாம்.

எங்கள் டாக்டர் முப்பத்திரண்டு வயதுப் பெண். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று. அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன்.

ஆட்களைச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று முறை ரத்தம் எடுப்போம் என்றதற்குக்கூட ஒப்புக்கொண்டார்கள். ஆராய்ச்சி முடியும்வரை தயிர், மோர், பழைய சோறு மூன்றும் கூடாது என்றபோதுதான் கூட்டம் கலைந்தது. திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் ஒருவர் எழுந்து, "ஒரு மாசம் மோர் இல்லாமயா? அதுக்கு எங்கிட்ட ஒரு படி ரத்தத்த எடுத்துக்கிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சுருளிப்பட்டியில் நடந்த கூட்டத்தில்தான் நான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஒப்புதல் படிவம் மூன்று பக்கம். அதைப் படித்துக்கொண்டே போனால் முதல் பக்கத்திலேயே எல்லோர் கண்ணும் சொருகுகிறது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். "ஒண்ணும் பயப்படாதீக. தயிருக்கு உறை ஊத்துறோமே, அதுல இருக்கிற உசுரு மாதிரித்தான் இந்த மாத்திரையில இருக்கிறதும். பாதிப் பேருக்கு உசுரு, பாதிப் பேருக்கு மாவு, யாருக்கு எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது." அந்த நிமிடமே தெரு விழித்துக்கொண்டது. ஒரே தெருவில் பன்னிரண்டு வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். படிவத்தில் இல்லாத வார்த்தை எதையாவது சேர்த்தீர்களா என்று அவர் கேட்டார். எளிமைப்படுத்தினேன் என்று சொன்னேன்.

பதினான்காம் நாள் புட்டிகளை எண்ணப் போனேன், ஒரு சனிக்கிழமை. ஒரு புட்டியில் முப்பத்து நான்கு மாத்திரை. நாளுக்கு ஒன்று என்றால் இருபது மிச்சம் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் இருபது இருந்தது, இருபத்தொன்று இருந்தது, ஒரு கண்டக்டர் வீட்டில் இருபத்தாறு இருந்தது. மனிதர்கள் மறப்பார்கள், அது எனக்குப் புரியும். ஆனால் சுருளிப்பட்டித் தெருவில் முதல் வீட்டில் பத்தொன்பது. இரண்டாவது வீட்டிலும் பத்தொன்பது. பதினோரு வீட்டில் பத்தொன்பது. மறதி இப்படி வரிசையாக வராது. அதுவும் மறந்தால் மிச்சம் கூடத்தான் செய்யும், குறையாது.

பன்னிரண்டாவது வீட்டுக்குப் போகாமல் நேரே முதல் வீட்டுக்குத் திரும்பினேன். அது வீரம்மாளின் வீடு. ஐம்பது வயது இருக்கும். அந்தத் தெருவில் எது நடந்தாலும் அவருக்குத் தெரியாமல் நடக்காது.

"வீரம்மா, புட்டியில ஒண்ணு குறையுதே?"

"குறையத்தான சார் செய்யும். திங்கத்தான குடுத்தீக?"

"தின்னது போக இருபது இருக்கணும். பத்தொம்பதுதான் இருக்கு. எல்லா வீட்டுலயும் பத்தொம்பது."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எண்ணுவீகன்னு தெரியும். ஒண்ணுக்காக வெயில்ல திரும்பி வருவீகன்னு தெரியாதே! பால்ல போட்டுப் பாத்தோம் சார்."

"பால்லயா? எதுக்கு?"

"நீகதான சொன்னீக, உறையில இருக்கிற உசுரு மாதிரின்னு? யாருக்கு உசுரு, யாருக்கு மாவுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னும் சொன்னீக. அது என்ன பெரிய ரகசியம்? மாத்திரையப் பிரிச்சு வெதுவெதுப்பான பால்ல கொட்டி மூடி வச்சா, விடிஞ்சா தெரிஞ்சுபோகும்ல? எனக்குக் கட்டித் தயிரா ஒறைஞ்சிருச்சு. ஏழு பேருக்கு உசுரு, அஞ்சு பேருக்கு மாவு. படிச்சவுக இம்புட்டுப் பேரு கூடி இருந்தும் இது தோணலையாக்கும்?"

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இரும்பு அலமாரி, முத்திரை, இரண்டு சாவி, எல்லாவற்றையும் அரைப் படிப் பாலில் திறந்துவிட்டார்கள். அதற்குச் சாவி கொடுத்ததும் நான்தான்.

பிறகு கார்டுகளைப் பார்த்தேன். வயிற்றுப் பொருமல், பேதி, காய்ச்சல், தடிப்பு என்று தினமும் டிக் அடிக்க ஒரு கார்டு கொடுத்திருந்தோம். பால் உறைந்த ஏழு பேரும் பாலைப் பார்த்த நாள் முதல் டிக் டிக்காக அடித்திருந்தார்கள். கேட்டால், "உள்ள வேலை செய்யுது சார், சத்தம் கேக்குது" என்றார் ஒருவர். நன்றாகப் பசிக்கிறது என்று கார்டின் ஓரத்தில் எழுதியிருந்தார் இன்னொருவர். பால் உறையாதவர்களில் நான் அதுவரை பார்த்த நான்கு பேரும் அதே நாள் முதல் கார்டைத் தொடவே இல்லை. அதில் இரண்டு பேர் மோருக்கும் திரும்பிவிட்டார்கள். "மாவுக்கு எதுக்கு சார் பத்தியம்?" நியாயமான கேள்வி.

அப்போதே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். சட்டைப் பையில் போன் இருந்தது, அதில் மூன்று கோடு சிக்னலும் இருந்தது. சனிக்கிழமை மதியம், மேடம் மதுரைக்குக் கிளம்பியிருப்பார், திங்கட்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. அறுபத்து நான்கில் பன்னிரண்டு போனால் ஐம்பத்திரண்டு. அந்தக் கழித்தலைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டாவது வீடு பாக்கியத்தின் வீடு. திராட்சைத் தோட்டத்தில் குலை திருத்தும் பெண், முப்பத்து நான்கு வயது. புட்டியில் பத்தொன்பது. அவர் கயிற்றுக் கட்டிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், அந்த வெயிலில்.

"காய்ச்சலாம்மா? எத்தனை நாளா?"

"நாலு நாளா சார். சாயங்காலம் ஆனா கூடுது."

"கார்டுல ஒரு டிக்கையும் காணோமே?"

"எனக்குத்தான் மாவாச்சே சார்" என்றார். சிரிக்க முயன்றார். "பால் அப்பிடியே பாலா கெடந்துச்சு. தெருவே மாவுக்காரி மாவுக்காரின்னு கூப்பிடுது. மாவுக்கு எதுக்கு டிக்கு?"

டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து, காய்ச்சல், நான்கு நாள் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'மாத்திரையோடு தொடர்பு' என்று ஒரு கேள்வி இருக்கும். அதை நிரப்ப வேண்டியவர் டாக்டர். நான் அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத நான்கு விநாடிகூட ஆகவில்லை. அதை எழுதும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தெரு சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாக்கியத்தின் கணவர் செல்லையா போன் செய்தார். கம்பத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், குளிர் நடுக்கம் நிற்கவில்லை என்றும் சொன்னார். நான் அன்று கம்பத்தில்தான் இருந்தேன். கால் மணி நேரத்தில் போய்விட்டேன். வாசலிலிருந்து வார்டு முப்பத்தெட்டு அடி. பத்துக் கட்டில். பாக்கியம் ஏழாவதில் இருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று செல்லையாவிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். ஆராய்ச்சிக்காரக ஒரு மாத்திரை குடுத்தாக. அது வெறும் மாவு."

அவ்வளவு உறுதியாகச் சொன்னார். வார்டு டாக்டர் தலையை ஆட்டினார், எதையும் எழுதவில்லை. நர்ஸ் ஆன்டிபயாடிக் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு மருத்துவம் தெரியாது என்றாலும், பயிற்சியில் டாக்டர் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இந்த பாக்டீரியா நலமாக இருப்பவரின் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் கொடுப்பது மிக மிக அரிது. ஆனால் அப்படிக் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், மருந்து ஏறுவதற்கு முன்னால் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் ரத்தம் உண்மையைச் சொல்லாமல் போகலாம். எல்லா மருந்தும் எல்லாக் கிருமிக்கும் கேட்காது. அரிது என்ற வார்த்தையைப் பலமுறை படித்திருக்கிறேன். ஏழாவது கட்டிலைப் பார்த்தபடி நிற்கும்போது அது ஒன்றும் ஆறுதலான வார்த்தையாக இல்லை.

நர்ஸ் ஊசியில் மருந்தை இழுக்க ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் எண்ணினேன். இந்தப் பெண்ணுக்கு மாவு என்று என்னிடம் எத்தனை பேர் சொன்னார்கள்? வீரம்மாள், பாக்கியம், இப்போது செல்லையா, தெருவில் இன்னும் இரண்டு பேர். ஐந்து. ஐந்து பேர் சொன்னால் அது பலமான சாட்சி என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அதே ஐந்தைத் திரும்ப எண்ணினேன். ஐந்து பேரும் ஒரே கிண்ணத்துப் பாலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஐந்து என்று நான் எண்ணியது ஒன்றைத்தான். அந்த ஒன்றும் சரிதானா என்று யாருமே பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. சனிக்கிழமையே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பையில் இருக்கும் படிவத்தில் என் கையெழுத்தோடு 'இல்லை' இருக்கிறது. ஆராய்ச்சியே நின்றாலும் நிற்கும்.

"சிஸ்டர், ஊசியைப் போடாதீங்க" என்றேன். வார்டில் பத்துக் கட்டிலும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன்.

"நீங்க யாரு?" என்றார் வார்டு டாக்டர்.

"அந்த மாத்திரையைக் குடுத்தவன். அது மாவா, உயிருள்ள பாக்டீரியாவான்னு தெரியாது. மருந்துக்கு முன்னால ரத்தம் எடுக்கணும்."

"இப்பத்தானே மாவுன்னாரு?"

"அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

செல்லையா என் பக்கம் வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மெதுவாகத்தான் கேட்டார். "என்ன சார் இப்பிடிச் சொல்றீக? தெரியாமயா குடுத்தீக? அப்ப எம்பொண்டாட்டிக்கு என்னத்தக் குடுத்தீக?"

போனை எடுத்து எங்கள் டாக்டரை அழைத்தேன். பால் விவகாரத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் நடுவிலேயே நிறுத்தினார். "சார், பால் அப்புறம். ரத்தம் எடுத்தாச்சா?" எடுக்கிறார்கள் என்றேன். "போனை அந்த டாக்டர்கிட்ட குடுங்க. நான் கவரை எடுத்துக்கிட்டு வர்றேன்."

தேனியிலிருந்து ஒரு மணி ஐந்து நிமிடத்தில் வந்தார். ரத்தம் எடுத்தாகிவிட்டது. கவரைத் திறந்தால் சிகிச்சை மாறுமா என்று வார்டு டாக்டரிடம் கேட்டார். மாறும் என்று அவர் சொன்ன பிறகுதான், எல்லோர் முன்னிலையிலும் முத்திரையை உடைத்தார்.

உயிருள்ள மாத்திரை.

மாவுக்காரி என்று தெரு முழுவதும் கூப்பிட்ட பெண் பதினான்கு நாளும் சாப்பிட்டது அசல் மாத்திரையை. நான் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையின் கிருமி, வேறு ஏதாவது கிருமி என்ற இரண்டு சந்தேகத்துக்கும் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தில் எது வளர்கிறது என்று தெரிய மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். படிவத்தை நானே எடுத்து நீட்டினேன். 'இல்லை' என்ற இடத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. "இதைப் பத்தி அப்புறம் பேசுவோம், கண்டிப்பாப் பேசுவோம்" என்றார். பிறகு, "சரி, பாலைச் சொல்லுங்க" என்றார். முழுவதும் கேட்டார். நடுவில் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்தேன்.

"நல்ல சோதனைதான் சார். நம்ம ஆளுங்களுக்கே தோணாதது. ஆனா ஒண்ணுமே போடாம ஒரு சட்டிப் பாலை யாராவது வச்சுப் பாத்தாங்களா?"

அதை நான் கேட்கவில்லை என்றேன்.

"எந்தெந்தப் பாத்திரத்துல ஊத்துனாங்க?"

அந்த மூன்று நாளும் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்காகவே கேட்டாரோ என்று பின்னால் நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். பன்னிரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி. பால் உறைந்த ஏழு வீட்டிலும் மண் சட்டி. உறையாத ஐந்து வீட்டிலும் எவர்சில்வர் கிண்ணம். ஒரு வீடுகூட மாறவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான கணக்கு எனக்குக் கிடைத்ததே இல்லை.

வீரம்மாளிடம் அரைப் படிப் பால் கொடுத்து, மாத்திரை எதுவும் போடாமல் அவருடைய சட்டியில் ஊற்றி மூடி வைக்கச் சொன்னேன். புதன்கிழமை காலை போய்ப் பார்த்தால் கத்தியால் வெட்டலாம் போலத் தயிர். பல வருடம் தயிர் குடித்த சட்டி. எத்தனை முறை கழுவினாலும் மண்ணுக்குள் உறை ஒளிந்திருக்கும். அது மாத்திரைக்காகக் காத்திருக்கவில்லை.

வீரம்மாள் தோற்றுப்போன மாதிரி நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "பாத்தீகளா சார், எஞ்சட்டிக்கு ஒறை கூட வேண்டாம்! இதுக்கு ஒரு ஆராய்ச்சி வைங்க." பிறகு அவருக்கே பாக்கியத்தின் நினைவு வந்து குரல் இறங்கியது. "அந்தப் புள்ளைய மாவுக்காரின்னு மொதல்ல சொன்னது நாந்தான். அதனாலதான் காய்ச்சல அது வெளிய சொல்லல. அதுக்கு ஒண்ணும் ஆகிறாதுல்ல?"

தெரியாது என்றேன். அந்த வாரத்தில் அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

இதற்குள் டாக்டர் ஆய்வகத்தில் விசாரித்துவிட்டார். அந்த பாக்டீரியாவுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்னவே தெரியாதாம். உயிருள்ள மாத்திரை, மாவு மாத்திரை, எதைப் பிரித்துப் போட்டாலும் பால் உறைந்திருக்காது. உறையில் இருக்கிற உசுரு மாதிரி என்று நான் கூட்டத்தில் சொன்னேனே, அதுவே தப்பு.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு முடிவு வந்தது. ரத்தத்தில் வளர்ந்தது டைபாய்டு கிருமி. மாத்திரையின் பாக்டீரியா இல்லவே இல்லை. தோட்டத்துத் தண்ணீராக இருக்கலாம் என்றார்கள். மருந்து ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தது. பாக்கியம் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எத்தனை இட்லி என்று நான் எண்ணவில்லை. நர்ஸ்தான் நான்கு என்று சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எழுதி, ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழுவுக்கு அனுப்பினோம். பன்னிரண்டு பேரையும் கணக்கிலிருந்து தனியே வைத்தார்கள். மற்ற ஊர்களில் வேலை தொடர்ந்தது. ஒப்புதல் கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தார். அதில் தயிர் என்ற வார்த்தையே இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் கூடியதா குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தகுதியானவர்கள் வேறு. எனக்குத் தெரிந்தது வேறொன்று. பாலைப் பார்த்த பன்னிரண்டு பேரும் மாத்திரையை விட்டுவிட்டுப் பாலையே நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏழு பேரின் வயிற்றில் சத்தம் கேட்க வைத்தது, ஒரு பெண்ணைக் காய்ச்சலோடு ஆறு நாள் சும்மா படுக்க வைத்தது. யாருக்கு எது என்று தெரியக் கூடாது என்கிற விதி எதற்கு என்று இப்போது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்தாலே போதும், காரியம் கெட்டுவிடும். நினைத்தது சரியா தப்பா என்பது அடுத்த விஷயம். எண்ணிக்கையும் அப்படித்தான். மாத்திரை புட்டியை விட்டு வெளியே போனதை நான் கண்டுபிடித்துவிட்டேன், அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் எண்ணுவதற்கு முன்னால், எதை எண்ணுகிறோம் என்று கேட்கத் தவறிவிட்டேன்.

படிவத்தைப் பற்றி டாக்டர் சொன்னபடியே பேசினார். அரை மணி நேரம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில், "பாக்கியத்துக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க சார்" என்றார்.

பாக்கியம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆன பிறகு போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து, திராட்சைக் குலையில் அழுகல் பழங்களைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். செல்லையா உள்ளே இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் அன்று கேட்ட கேள்விக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சலோடு படுத்திருந்த அன்று அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் எழுதிவிட்டேன், அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை, எதுவும் தெரியாமல் எழுதினேன் என்றேன்.

பாக்கியம் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நானுந்தான சார் அப்பிடி நெனச்சேன்? இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"நீ நெனைக்கலாம்மா. நான் எழுதியிருக்கக் கூடாது."

"இப்ப அத என்ன செஞ்சீக?"

படிவத்தின் நகலைக் கொடுத்தேன். 'இல்லை' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்து, தேதி. கீழே 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அடிச்சும் படிக்க முடியுதே சார். நல்லா அடிக்கலையா?"

"படிக்கிற மாதிரித்தான் அடிக்கணும். தப்பா எழுதுனது என்னன்னு பின்னால வர்றவுகளுக்கும் தெரியணும். அதுதான் விதி."

அவர் அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டார். "ஏங்க, இங்கன வாங்க. சாரு எழுதுன தப்ப அவுகளே அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்காக."

செல்லையா வெளியே வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழ் வரை படித்தார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் திருப்பித் தரவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நிழல் பார்த்துப் போட்டார்.

"ஒக்காருங்க சார்" என்றார். "வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீக."